அடுத்த வண்டியில வாங்க

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகிற மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? ஏறியிருந்தால் இந்த மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெரம்பூர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். கையில் டிபன் பை. வண்டி வந்ததும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நிற்பவர்களிடம் கெஞ்சுகிறார். "சார், கொஞ்சம் உள்ள போங்க சார். உள்ள எவ்ளோ எடம் இருக்கு! நாங்களும் வூட்டுக்குப் போவ வேணாமா?" நியாயமான கேள்வி. யாரோ அரை அடி நகர்கிறார்கள். ஏறிவிடுகிறார்.

கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம். மிஞ்சிப்போனால் பத்து நிமிஷம். வில்லிவாக்கத்தில் இன்னொருவர் அதே மாதிரி டிபன் பையோடு ஓடி வருகிறார். இப்போது வாசலில் நிற்பவர் நம்முடைய பெரம்பூர்க்காரர். சொல்கிறார்: "எங்கங்க ஏறுவீங்க? கண்ணு தெரியல? அடுத்த வண்டியில வாங்க."

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் முப்பது வருஷம் இந்தத் தடத்தில் போய் வந்தவன். இரண்டு வசனத்தையும், இரண்டு குரலிலும், ஒரே பயணத்தில் பேசியிருக்கிறேன். பேசும்போது இரண்டுமே சத்தியமாக நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பிரச்னை.

போன மாதம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அம்பத்தூர் ஏரிக்குக் கீழே இருக்கிற சின்ன நகர் எங்களுடையது. பேர் வேண்டாம். ஏதோ ஒரு தலைவர் பெயர். எல்லா நகர்களுக்கும் இருக்கிற மாதிரி. தொழிற்பேட்டையில் வேலை செய்கிற வடமாநிலப் பையன்களுக்கு எங்கள் தெருவில் இரண்டு பேர் வீடு விட்டிருக்கிறார்கள். ஒரு போர்ஷனில் பத்துப் பன்னிரண்டு பேர். ஷிப்ட் முறையில் தூங்குகிறார்கள். ஒருவன் எழுந்து போனால் அதே பாயில் அடுத்தவன். செப்டிக் டேங்க் வாரத்துக்கு ஒரு தடவை நிரம்பித் தெருவில் வழிகிறது. இப்போது மூன்றாவதாக ஒருவர், மாடி எடுத்து மொத்தமாக விடுதி மாதிரியே கட்டப் போகிறார். அதைத் தடுக்க மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு.

"நீங்கதான் சார் எழுதணும். பத்திரிகைல எழுதறவரு. உங்க கையால போனா ஒரு வெயிட்டு இருக்கும்."

இந்த மாதிரிப் புகழ்ச்சிக்கு நான் சுலபமாக விழுந்துவிடுவேன். சரி என்றேன். ராத்திரி பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாரா சரளமாக வந்தது. 'அமைதியாக வாழ்ந்து வரும் எங்கள் பகுதியில், சமீப காலமாக வெளியூர் ஆட்கள் கணக்கு வழக்கில்லாமல் வந்து குடியேறி, நிலத்தடி நீரை...'

அங்கே பேனா நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. எங்கே என்பது ஞாபகம் வரக் கொஞ்ச நேரமாயிற்று.

1987-ல் நான் இங்கே அரை கிரவுண்டு வாங்கினேன். அப்போது திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். அலுவலகக் கடன், மனைவியின் வளையல், மாமனாரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்ந்து 1,200 சதுர அடி. தரகர் காட்டிய இடத்தில் மனைக்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. சுண்ணாம்பு அடித்த கல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், அதில் கொக்கு. 'ஆஹா, எவ்வளவு அழகான லொக்கேஷன்' என்றுதான் நினைத்தேன். வாய்க்கால் எதற்காக அங்கே ஓடுகிறது என்று யோசிக்கவில்லை. வில்லங்கச் சான்று பதிமூன்று வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வில்லங்கச் சான்றில் மனுஷனுடைய பாத்தியதை மட்டும்தான் வரும். தண்ணீருக்கு அதில் காலம் கிடையாது.

நிலத்தை விற்ற குடும்பத்துப் பெரியவர் அடுத்த வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மகன்கள் விற்றுவிட்டார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்து, "தம்பி, ரோட்டு மட்டத்துக்கு மேல மூணடி தூக்கிக் கட்டு. இது கலங்கத் தண்ணி வர்ற எடம்" என்றார். அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார்: "ஊரு அமைதியா இருந்திச்சு. இப்ப எங்கெங்கிருந்தோ வர்றாங்கோ. ஆளுக்கொரு போரு போட்டா எங்க கெணத்துல என்னா இருக்கும்?"

அதே வாக்கியம். வார்த்தை கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவருக்கு நான்தான் அந்தப் பையன்.

அவருடைய கிணறு வற்றியது உண்மை. மூன்று வருஷத்தில் வற்றியது. நாங்கள் தோண்டிய போர்களால்தான் வற்றியது. அவர் பேசியது வெறும் பொறாமையோ குறுகிய மனசோ இல்லை, நேரான கணக்கு.

ஒரு ஊர் நிரம்பிவிட்டது என்று யார் சொல்லலாம்? எப்போது சொல்லலாம்? நமக்கு முன்னால் வந்தவன் சொன்னால் அராஜகம், நமக்குப் பின்னால் வருகிறவனிடம் நாம் சொன்னால் பொறுப்புணர்ச்சி என்று இருக்க முடியுமா?

மேற்குப் புறநகரின் கதையே அடுத்தடுத்த வண்டிகளின் கதைதான். இந்தத் தடத்தில் முதல் ரயில் ஓடியது 1856-ல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. அன்றைக்கு இரண்டு பக்கமும் ஏரியும் ஆயக்கட்டும்தான். அப்புறம் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, டன்லப் வந்தது, 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடி, நேருவும் காமராஜரும் இருக்க, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கே விஜயந்தா டாங்கி செய்ய வந்தவர்களில் மலையாளி உண்டு, ஆந்திராக்காரர் உண்டு, வங்காளி உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம்மைவிட நன்றாகச் சென்னைத் தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் வந்தபோது, சுற்றியிருந்த கிராமத்துக்காரர்கள் மனு எழுதினார்களா தெரியாது. எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

ஊர்ப் பெயர்களையே பாருங்கள். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் ஒரு குடியிருப்புக்கு வைத்த பேர் 'ஏரி ஸ்கீம்'. எனக்கு இந்தப் பேரின் நேர்மை ரொம்பப் பிடிக்கும். ஏரியில் வீடு கட்டிவிட்டு ரோஜா கார்டன் என்று பேர் வைக்காமல், ஏரி ஸ்கீம் என்றே வைத்தார்கள் அல்லவா? நகரத்துக்குள் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். தியாகராய நகர் 1920களில் எழுந்தது மாம்பலத்தின் நெடிய ஏரிப் பகுதியில். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒன்று இருக்கிறது. லேக் எங்கே என்று தேடாதீர்கள், வள்ளுவர் கோட்டத்தின் அடியில் இருக்கிறது. அவர்கள் எங்களுக்கு முந்தின வண்டியில் ஏறினார்கள், அவ்வளவே வித்தியாசம்.

சென்னைப் பெருநகர்ப் பகுதி என்று அரசாங்கம் வரைந்த கோடு வெகுகாலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அதை 5,904 ஆக்கினார்கள். மாநகராட்சி எல்லை 2011-ல் 174-லிருந்து 426 ஆயிற்று. அன்றைக்குத்தான் அம்பத்தூர்க்காரர்களான நாங்கள் சட்டப்படி சென்னைவாசிகள் ஆனோம். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி இன்னும் நகராட்சி. ஒரே தெருவில் ஒரு பக்கம் ஒரு வரி, அடுத்த பக்கம் வேறு வரி என்றெல்லாம் நடக்கும். அந்தக் கதையை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற ஊர்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? பணக்கார, ஒழுங்கான ஊர்களாகப் பார்ப்போம். டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கு 1947-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பெயரே விரல் திட்டம். பழைய நகரம் உள்ளங்கை. ரயில் பாதைகள் ஐந்து விரல்கள். வீடு கட்டுவதெல்லாம் விரல்களின் மேல்தான்; விரலிடுக்குகளில் வயலும் மரமும் அப்படியே இருக்க வேண்டும். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் பெரிய அளவில் அந்தக் கை உருவம் அழியவில்லை. நமக்கும் விரல்கள் உண்டு. அரக்கோணம் ஒரு விரல், கும்மிடிப்பூண்டி ஒன்று, செங்கல்பட்டு ஒன்று. நம் விரலிடுக்கில் இருந்தவைதான் கொரட்டூர் ஏரி, போரூர் ஏரி, சின்னச் சின்னத் தாங்கல்கள். அதிலெல்லாம் சதை வைத்துவிட்டோம். இப்போது இருப்பது கை இல்லை, வாத்துக்கால்.

ஸ்டாக்ஹோம் இன்னும் சாமர்த்தியம். 1904-லேயே நகராட்சி வெளியூர் நிலங்களை வாங்கிப் போட ஆரம்பித்தது, தேவைப்படும் என்று. 1954-ல் வெலிங்பி என்ற புறநகரைத் திறந்தார்கள். வேலை, வீடு, கடைத்தெரு மூன்றும் ஒரே இடத்தில். சுவீடிஷ் முதலெழுத்துகளை வைத்து ஏ.பி.சி. நகரம் என்றார்கள். உலகத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அங்கேயும் வாசலில் ஆள் நிற்கிறது. ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கு நகரமே ஒரு வரிசை நடத்துகிறது. பெயரைப் பதிந்துவிட்டு ஒன்பது பத்து வருஷம் காத்திருப்பது சாதாரணம். நடு ஊரில் என்றால் இன்னும் அதிகம். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. ரொம்ப மரியாதையாக, கம்ப்யூட்டரில், 'அடுத்த வண்டியில வாங்க'. 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடு கட்டினார்கள். அதில் ரிங்கெபி போன்ற கடைசி ஸ்டேஷன் பக்கத்துக் கட்டடங்களில் இன்றைக்கு யார் அதிகம்? வெளிநாட்டிலிருந்து கடைசியாக வந்தவர்கள்.

ஆஸ்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நம் ஆட்களே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் முதலில் வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் கை விறைக்க வேலை செய்தார்கள். பிறகு மெள்ள ஆஸ்லோவின் கிழக்குப் புறநகரான குரோருட் பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள். அங்கே தமிழ்ப் பள்ளி, பொங்கல் எல்லாம் உண்டு. மூன்று வயதில் இலங்கையிலிருந்து அந்த நாட்டுக்குப் போன கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர். 2011-ல் ஊத்தோயா தீவில் ஒருவன் இளைஞர் முகாமில் புகுந்து சுட்டானே, அதில் தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பித்தவர் அவர். சுட்டவனுடைய கோபம் என்ன? ஊர் நிரம்பிவிட்டது, வெளியாட்கள் வந்துவிட்டார்கள் என்பதுதான்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எல்லாத் தமிழர்களையும் போல எனக்கும் பெருமையாக இருந்தது. நம்ம பொண்ணு, துணை மேயர்! ஒரு பையன் சைக்கிளில் போனால் என் வீட்டிலிருந்து புழல் காவாங்கரை முகாமுக்கு அரை மணி. அங்கேயும் அதே யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். இவர்கள் ஏறிய படகு இந்தப் பக்கம் வந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தாயிற்று. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்லதுதான். குடியுரிமை? 2019-ல் வந்த திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. மூன்று வயதில் நார்வேக்குப் போனால் துணை மேயர். மூன்று வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தால், முப்பத்தைந்து வயதிலும் முகாம் பதிவேட்டில் ஒரு எண். நாம் ஆஸ்லோவைப் பார்த்துக் கைதட்டுகிறோம். கணியன் பூங்குன்றனார் நம் ஊர்க்காரர் என்பதில் நமக்கிருக்கும் பெருமையையும் குறைத்துச் சொல்ல முடியாது.

சரி, உணர்ச்சி வசப்பட்டு 'எல்லோரும் வாருங்கள்' என்று முடித்துவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது. ரயில் பெட்டிக்கு உண்மையிலேயே ஒரு கொள்ளளவு இருக்கிறது. ஏரிக்கும் இருக்கிறது.

காரட் ஹார்டின் என்ற அமெரிக்கர் 1974-ல் இதை ஈவு இரக்கமில்லாமல் எழுதினார். ஐம்பது பேர் இருக்கிற உயிர்காக்கும் படகு. இன்னும் பத்துப் பேருக்கு இடம். தண்ணீரில் நூறு பேர் தத்தளிக்கிறார்கள். எல்லாரையும் ஏற்றினால் எல்லாரும் மூழ்குவீர்கள். பத்துப் பேரை ஏற்றினால், எந்தப் பத்து? தவிர, ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் இடமும் போய்விடும். ஆகவே யாரையும் ஏற்றாதே என்பது அவர் கட்சி. மனசாட்சி உறுத்துகிறவர் இருந்தால் அவர் எழுந்து தண்ணீரில் குதித்து, தன் இடத்தை இன்னொருவருக்குத் தரலாம் என்றும் சொல்கிறார். அப்படி எல்லா மனசாட்சிக்காரர்களும் இறங்கிவிட்டால், படகில் மிச்சம் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஹார்டினை வெறுக்கலாம். ஆனால் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவனால் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவரிடம் நான் காண்கிற ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் மின்சார ரயிலில் போனதில்லை.

எங்கள் தடத்தில் போகிற யாரையும் கேளுங்கள். கூட்டம் எப்போதும் வாசலில்தான் இருக்கும். நடுப்பெட்டியில், இரண்டு சீட் வரிசைக்கு நடுவே, காற்றோட்டமாக இடம் இருக்கும். அங்கே நிற்பவர் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருப்பார். வாசலில் இருப்பவன் ஏறுகிறவனோடு சண்டை போடுகிறான். நடுவில் இருப்பவரோடு அல்ல. அவர் கண்ணில் படுவதே இல்லை. ஹார்டின் படகில் எல்லாரும் ஒரே அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜப் படகில் நாலு பேர் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள்.

கூவக் கரைக் குடிசைகளைக் காலி செய்தபோது அந்த ஜனங்களை எங்கே அனுப்பினார்கள்? எங்கள் பக்கம் அத்திப்பட்டுக்கும், பூந்தமல்லிக்கு அந்தப் புறம் கூடப்பாக்கத்துக்கும். போட் கிளப்புக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ அனுப்பவில்லை. அங்கே ஒரு பங்களா காம்பவுண்டில் எங்கள் நகரின் ஒரு தெருவே அடங்கும். அத்திப்பட்டுக்கு அவர்கள் வந்தபோது எங்கள் ஆட்கள் யாரும் நுங்கம்பாக்கத்துக்காரர்களோடு சண்டைக்குப் போகவில்லை. 'ஏரியா கெட்டுப்போச்சு' என்று வந்தவர்களைத்தான் பேசினார்கள். நானும் டீக்கடையில் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகவே நான் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எந்த விதியை மனுவில் எழுதப் போகிறோமோ, அந்த விதி நான் குடிவந்ததற்கு முந்தின நாளே எழுதி மாட்டியிருந்தால், நான் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டிருப்பேனா?

'வெளியூர்க்காரனுக்கு வீடு கொடுக்காதே' என்று 1987-ல் போர்டு மாட்டியிருந்தால்? திருவல்லிக்கேணியிலிருந்து வந்த நான் கொதித்திருப்பேன். அந்த விதி தோற்றது. 'இத்தனை தலைக்கு இத்தனை பெரிய செப்டிக் டேங்க் கட்டு, இத்தனை கக்கூஸ் வை' என்று எழுதியிருந்தால்? முணுமுணுத்திருப்பேன், ஆனால் கட்டியிருப்பேன். அந்த விதி நின்றது. சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷமாக அடுத்ததற்குப் போனேன். 'ஏரியின் ஆயக்கட்டில், கலங்கல் போகிற வழியில் யாரும் வீடு கட்டக் கூடாது.'

நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு நியாயமான விதி! பொதுநலம், எதிர்காலம் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெரியவருடைய கிணறும் இருக்கிறது. முந்தின நாள் மாட்டியிருந்தால் என்னால் மறுத்து ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. எனக்கு வீடும் இருந்திருக்காது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. அது அடையாறு. எங்கள் பக்கத்தில் யாரும் ஷட்டரைத் திறக்கவில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பி, வழக்கமான வழியில் போகப் பார்த்தது. வழியில் நாங்கள் இருந்தோம். மூன்றடி தூக்கித்தான் கட்டியிருந்தேன். ஆனால் அதற்குள் ரோட்டை இரண்டடி உயர்த்திவிட்டார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் கூடத்தில். மாடி வீட்டுக்காரர் தயவில் மூன்று நாள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில், மறுபடியும். தொழிற்பேட்டையே மிதந்தது. இரண்டு தடவையும் நான் அரசாங்கத்தைத் திட்டி எழுதினேன். திட்டியது தப்பில்லை. வாய்க்காலைத் தூர்த்ததற்கும், கொரட்டூர் ஏரியில் சாக்கடை கலந்து வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரைகளில் 'நான்' என்ற சொல் பாதிக்கப்பட்டவனாக மட்டுமே வந்தது. வாய்க்காலைப் பார்த்து லொக்கேஷன் அழகு என்று சொன்னவனாக ஒரு இடத்திலும் வரவில்லை.

விதி இல்லாத காலத்தில் ஏறிவிட்டவன் நான். இப்போது விதி வேண்டும் என்கிறேன். விதி சரியானது. ஆனால் அது என்னை இறக்கிவிடாது. என்னிடம் பட்டா இருக்கிறது. பட்டா இல்லாமல் ஏரிக்கரையில் ஓலை வேய்ந்திருப்பவனைத்தான் இறக்கும், அதுவும் புல்டோசர் வைத்து. அதற்காக, நானே தப்புச் செய்தவன், ஆகவே எல்லாரும் செய்யுங்கள், மிச்ச ஏரியையும் தூர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது பெருந்தன்மை ஆகுமா? இல்லை, வீட்டை இடித்துத் தண்ணீருக்கு வழிவிடப் போகிறேனா? அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. பொய் சொல்லிப் பயனில்லை.

வேறு வழி ஏதாவது உண்டா என்று பார்த்ததில் ஒன்று தோன்றியது. விதி கேட்கிறவன், அந்த விதியின் செலவில் ஒரு பங்காவது தன் பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். வாசலில் நிற்பவனுக்கு வேறொருவனை இறக்கிவிட உரிமை இருக்கிறதோ இல்லையோ, தான் உள்ளே நகர வேண்டிய கடமை இருக்கிறது. என் விஷயத்தில் அது என்ன? காருக்கென்று காம்பவுண்டுக்குள் பூரா சிமென்ட் போட்டு, மழைத்தண்ணீர் இறங்க இடமில்லாமல் வைத்திருக்கிறேன். காரை விற்று ஆறு வருஷமாகிறது. வாய்க்கால் பக்கத்தில் ஒன்றரை அடி தள்ளிச் சுவர் எடுத்திருக்கிறேன். தெருவில் எல்லாரும் எடுத்தார்கள். போரைத் தினமும் எத்தனை நேரம் ஓட்டுகிறேன் என்று எந்தப் பையனும் என்மேல் மனு எழுதவில்லை. சிமென்டை உடைத்துவிட்டேன். சுவரைப் பற்றிச் சங்கத்தில் பேசினால் பதினெட்டு வீட்டுக்காரர்களும் என்னோடு பேசுவதை நிறுத்துவார்கள். பேசவில்லை, இதுவரைக்கும்.

மனுவைத் திருப்பி எழுதினேன். தலைக்கு இவ்வளவு தண்ணீர், செப்டிக் டேங்க் அளவு, பாதாளச் சாக்கடை இணைப்பு, வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. யார் எந்த ஊர் என்பது ஒரு இடத்திலும் இல்லை. 'ஒரு அறையில் பன்னிரண்டு பேரை அடைத்து வாடகை வாங்குவது அவர்களுக்கும் கேடு' என்று ஒரு வரி சேர்த்தேன். செயலாளரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா அவங்களைப் பத்தி ஒண்ணுமே இல்லியே?"

"செப்டிக் டேங்க்தானே சார் பிரச்னை?"

"அது சரி..." என்று இழுத்தார். கெட்டவர் இல்லை. போன வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வேளை சோறு அனுப்பியவர். ஆரணிப் பக்கத்திலிருந்து 1994-ல் வந்தவர்.

நேற்று மனு கையெழுத்துக்காகத் திரும்பி வந்தது. அழகாக டைப் அடித்திருக்கிறார்கள். என் வரிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடைசிக்கு முந்தின பாராவில் மட்டும், நான் எழுதாத ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'மேற்படி வெளிமாநில நபர்களுக்கு எங்கள் பகுதியில் வீடு வாடகைக்கு விடுவதை உடனடியாகத் தடை செய்யுமாறு...' கீழே பதினேழு கையெழுத்து. பதினெட்டாவதாக என் பேருக்கு எதிரே காலி.

அந்த வரி இருக்கும்வரை போட மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். "ஊரோட ஒத்துப் போகாம எதுக்கு இந்த வீம்பு?" என்கிறாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் வருவார். நான் காரணத்தைச் சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். காபியைக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கும்போது என்ன கேட்பார் என்பதும் தெரியும்.

"சரி சார். தண்ணிக்கு என்ன வழி?"